கடலூர்ப் பக்கத்துச் சிறிய கல்லூரியில் வேதிப் பொறியியல் படித்தவர், ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் படிப்பு நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

கடலூர்ப் பக்கம் தனியார் கல்லூரி ஒன்றில் பி.டெக். முடித்து, கேட் என்னும் பொறியியல் பட்டதாரி நுழைவுத் தேர்வு எழுதி, ஆராய்ச்சிவழி எம்.எஸ். படிப்புக்கு அழைப்பு வந்திருக்கிறது என்றும், எதைப் படிப்பது, கல்லூரிப் பெயரைக் கேட்டதும் ஒதுக்கிவிடுவார்களா, ஆங்கிலம் தடுமாறினால் என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் முதலில் பாடத்தைப் பற்றி எழுதியிருந்தாலும், உங்களை உறங்கவிடாமல் செய்வது கல்லூரிப் பெயர்தான் என்பது என் ஊகம். இதே சாலையில் போனவள் என்பதால் சொல்கிறேன்.

என் ஊர் நெல்லிக்குப்பம். அப்பா அங்குள்ள சர்க்கரை ஆலையில் பேன் மேனாக, அதாவது பாகைக் கொதிக்கவைத்துப் பளிங்காக்கும் 'பேன்' என்ற பெரிய பாத்திரத்தைக் கவனிப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். நான் பி.டெக். படித்தது பெயர் சொன்னால் பக்கத்து மாவட்டத்துக்காரருக்கே தெரியாத ஒரு கல்லூரி. இப்போது புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் வெப்பப் பரிமாற்றமும் பொருண்மைப் பரிமாற்றமும் நடத்துகிறேன். இறுதியாண்டு மாணவர்கள் சிலரை இத்தகைய நேர்காணல்களுக்குத் தயார்செய்து அனுப்பியும் இருக்கிறேன். நான் நேர்காணல் குழுவில் உட்கார்ந்தவள் இல்லை. ஆகவே நான் எழுதுவதைத் தேர்வுக்குழுவின் விதிமுறையாக எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரு துறையில் நடப்பது இன்னொரு துறையில் நடக்க வேண்டுமென்பதில்லை, ஒரே துறையில்கூட இரண்டு குழுக்கள் ஒரே மாதிரி கேட்பதில்லை.

இதைப் படிக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கும் சரி, புதுச்சேரியின் சேர்க்கை அமைப்பான சென்டாக்குக்கும் சரி, பி.டெக். சேர்க்கையில் நேர்காணல் என்று ஒன்று கிடையாது. மதிப்பெண்ணும் தரவரிசையும் இட ஒதுக்கீடும்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சில இடங்களில் 'இன்டர்வியூ' என்று அழைத்து உட்கார வைப்பார்கள். அங்கே பிள்ளையிடம் பெயரைக் கேட்டுவிட்டு, மற்றக் கேள்விகளை அப்பாவின் வங்கிக் கணக்கிடம் கேட்பார்கள். அதற்குத் தயாராவது பற்றி எனக்கு எதுவும் தெரியாது. உண்மையான நேர்காணல் நடப்பது, கேட் மதிப்பெண்ணை வைத்துப் பட்டியலைச் சுருக்கிய பிறகு எம்.எஸ்., பிஎச்.டி. ஆகிய ஆராய்ச்சிப் படிப்புகளுக்குத்தான். சில இடங்களில் அதற்கு முன் எழுத்துத் தேர்வும் இருக்கும்.

என் நேர்காணலுக்கு வருகிறேன். சென்னையில் நடந்தது. உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள், ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. எந்தப் பாடத்தில் கேட்கலாம் என்று முதலில் கேட்டார்கள். வெப்பப் பரிமாற்றம் என்றேன். ஊர் எது என்றார்கள், நெல்லிக்குப்பம் என்றதும், ஓரத்தில் இருந்த மூத்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "1842-லேயே சர்க்கரை ஆலை வந்த ஊராச்சே! வீட்ல யாராவது அங்கே வேலை பார்க்கிறாங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். அப்பா பேன் மேன் என்றேன். கல்லூரிப் பெயர் அவர்கள் முன்னாலிருந்த தாளில் இருந்தது. கடைசிவரை யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது முழுக்க ஆலைக்குள்தான். 100 கிலோ கரும்புச் சாறு, 15 பிரிக்ஸ், அதாவது எடையில் நூற்றுக்கு 15 பங்கு கரைந்த திடப்பொருள். அதை 60 பிரிக்ஸ் சிரப்பாக்க எவ்வளவு நீர் ஆவியாக வேண்டும் என்றார்கள். சர்க்கரை உள்ளேயே நிற்கிறது, நீர் மட்டும் போகிறது. ஆகவே 15 கிலோ திடப்பொருளை 60 விழுக்காடாகத் தாங்கும் சிரப் 25 கிலோ, போக வேண்டிய நீர் 75 கிலோ என்று எழுதினேன். பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் இதை எழுதும்போது ஒரு சிறிய கட்டம் போட்டு, உள்ளே வருவது எது, வெளியே போவது எது என்று அம்புக்குறி இட்டதை அவர்கள் கவனித்தார்கள் என்பது என் எண்ணம். நான்கு பாடி எவாபரேட்டரில், அதாவது அடுத்தடுத்து இணைத்த நான்கு கொதிபாத்திரங்கள் கொண்ட ஆவியாக்கியில், இதற்கு எவ்வளவு நீராவி தேவை என்பது அடுத்த கேள்வி. முதல் பாடியில் கிளம்பும் ஆவியே இரண்டாவதைச் சூடாக்குகிறது, அதன் ஆவி மூன்றாவதை. ஆகவே ஒரு கிலோ நீராவி ஏறத்தாழ நான்கு கிலோ நீரை விரட்டும், 75-ஐ நான்கால் வகுத்தால் 19 கிலோவை ஒட்டி வரும், சாற்றைச் சூடேற்றுவதற்கும் வெப்ப இழப்புக்கும் மேற்கொண்டு கொஞ்சம் வேண்டும் என்றேன்.

"அப்படின்னா பத்து பாடி வச்சிட்டா இன்னும் மிச்சம்தானேம்மா, முதலாளி ஏன் வைக்கல?" என்றார் இன்னொருவர். நேர்காணல் உண்மையில் அங்கேதான் தொடங்கியது. முதல் பாடிக்கு வரும் நீராவி 120 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், கடைசிப் பாடி வெற்றிடத்தில் 55 பாகையில் கொதிக்கிறது. இடையில் கிடைப்பது 65 பாகைதான், எத்தனை பாடி வைத்தாலும் அந்த 65-ஐத்தான் பங்கு போட வேண்டும் என்று சொன்னேன். அதோடு சிரப் அடர்ந்துகொண்டே போகப் போக அதன் கொதிநிலை தூய நீரைவிட உயர்கிறது. ஒவ்வொரு பாடியும் அந்த உயர்வைத் தன் பங்கிலிருந்து தின்றுவிடும். மிச்சமிருக்கும் வெப்பநிலை வேறுபாடு சுருங்கினால், அதே வெப்பத்தைக் கடத்தக் குழாய்ப் பரப்பை ஏற்ற வேண்டும், செலவு ஏறும். நீராவியில் மிச்சம் பிடித்ததை இரும்பில் கொட்ட வேண்டியிருக்கும் என்றபோது அவர் சிரித்தார்.

பிறகு எனக்குத் தெரியாத கேள்வி வந்தது. கடைசிப் பாடியில் குழாயின் மேல்முனையில் கொதிக்கும் வெப்பநிலையும் அடியில் கொதிக்கும் வெப்பநிலையும் ஒன்றா? இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை. படித்ததில்லை, யோசித்துச் சொல்லலாமா என்று கேட்டேன்; சொல்லுங்கள் என்றார்கள். அடியில் இருக்கும் திரவம் தனக்கு மேலுள்ள திரவத்தையும் சுமக்கிறது, ஆகவே அங்கே அழுத்தம் அதிகம், கொதிநிலையும் அதிகம் என்றேன். எவ்வளவு அதிகம் என்று விடாமல் கேட்டார்கள். ஒரு மீட்டர் நீர் ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம் தரும். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அது பெரிய விஷயமில்லை. ஆனால் 55 பாகையில் நீரின் ஆவியழுத்தமே 0.16 பார் அளவுதான், அதன்மேல் 0.1 சேர்ந்தால் பாதிக்குமேல் கூடிவிடுகிறது. நீராவி அட்டவணையை அவர்களே நீட்டினார்கள், 0.26 பாருக்கு எதிரே 65 பாகையை ஒட்டி இருந்தது. ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பத்துப் பாகை! நான் வாய்விட்டு "அடேயப்பா" என்று சொல்லிவிட்டேன். அதனால் மதிப்பெண் குறைந்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக அப்பாவின் வேலையைப் பற்றியே கேட்டார்கள். பேனில் சிரப்பைக் கெட்டியாக்கும்போது அப்பா மாதிரிக் கோலைச் செருகி இழுத்து, ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து இழுப்பார். தீபாவளிக்கு அம்மா கம்பிப் பதம் பார்ப்பதும் இதே விரலசைவில்தான். நூல் எவ்வளவு நீளம் வருகிறது என்பதை வைத்து பளிங்கு வளரத் தொடங்குவதற்கான விதைச் சர்க்கரை போடும் நேரத்தை முடிவு செய்வார். பிறகு ஒரு கண்ணாடித் தகட்டில் பாகைத் தடவி, விளக்குக்கு நேரே பிடித்துப் பளிங்குகள் ஒரே அளவில் வளர்கின்றனவா என்று பார்ப்பார். அவசரப்பட்டு அளவுக்கு மேல் கெட்டியாக்கினால் விதை போடாத இடத்திலெல்லாம் பொடிப்பொடியாகப் புதுப் பளிங்குகள் பிறந்துவிடும், பிறகு சென்ட்ரிஃபியூஜில் வெல்லப்பாகு சரியாகப் பிரியாது என்பதை அவர் வீட்டில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். மிகைத்தெவிட்டலுக்குள், அதாவது கரையக்கூடிய அளவுக்கு மேல் சர்க்கரை கரைந்து நிற்கும் நிலைக்குள், இடைநிலைப் பகுதி என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் நின்றால் இருக்கும் பளிங்கு வளரும், எல்லை தாண்டினால் புதியது பிறக்கும் என்று பாடமொழியில் சொன்னேன். வெற்றிடம் எதற்கு என்று கேட்டதற்கு, வெப்பம் கூடினால் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகி நிறமும் கறுக்கும் என்பதால் 65 பாகையை ஒட்டிக் கொதிக்க வைக்கிறார்கள் என்றேன். இடம் கிடைத்தது.

ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதால் அதிர்ஷ்டம், எல்லாருக்கும் அது வாய்க்குமா என்று கேட்பீர்கள். கடலூர் மாவட்டத்தில் பிறந்து அப்படிக் கேட்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரிக்கிறார்கள். அதில் பாதி அளவுக்கு ஈரம் இருக்கும்போது கொதிகலனின் செயல்திறன் என்னவாகும்? கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஃபுளோரைட் தாதுவோடு கந்தக அமிலம் சேர்த்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு எடுக்கிறார்கள். கூடவே மலைபோல் குவியும் ஜிப்சத்தை என்ன செய்வது? பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளத்தில் ஏன் ஒரே பாத்தியில் காய்ச்சாமல் பாத்தி பாத்தியாக நீரை மாற்றுகிறார்கள்? ஜிப்சம் முன்னால் படிந்துவிட வேண்டும், உப்பு 25 பாகை போமேயை (இது வெப்பநிலையல்ல, உப்புநீரின் அடர்த்தி அளவு) ஒட்டி இறங்கும், 29, 30-ஐத் தாண்டினால் மக்னீசிய உப்புகள் கசப்போடு வந்துவிடும் என்பதால்தான். இவற்றில் ஒன்றையாவது நேரில் பார்த்து, உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்ற ஒரு பொருண்மைச் சமன்பாடு எழுதிப் பழகிவிட்டுப் போங்கள்.

அதற்காகப் புத்தகத்தை மூடிவிடச் சொல்லவில்லை. இரண்டு பாடங்களை, எந்தப் பக்கம் திருப்பினாலும் தாங்கும் அளவுக்குப் படியுங்கள். மற்றவற்றில் அடிப்படை போதும். எதிரோட்ட வெப்பப் பரிமாற்றியில் இரு முனைகளிலும் வெப்பநிலை வேறுபாடு சமமாக இருந்தால் மடக்கைச் சராசரிச் சூத்திரம் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பதாக வந்து நிற்கும். அப்போது உண்மையான மதிப்பு என்ன என்று கேட்பார்கள். அந்த வேறுபாடேதான் விடை என்பது உள்ளுணர்வில் தெரிய வேண்டும். முழு மறுபாய்வில், அதாவது மேலே குளிர்ந்ததையெல்லாம் கோபுரத்துக்கே திருப்பிவிட்டு, காய்ச்சி வடித்தால் தட்டுகளின் எண்ணிக்கை மிகக் குறைவு, ஆனால் வெளியே எடுக்கும் பொருள் எவ்வளவு? குழாய் உலையா, கலக்கு தொட்டியா, எது சிறியது என்று கேட்டால் உடனே குழாய் என்று சொல்லாமல், வினைவிரைவு செறிவோடு கூடுகிறதா, குறைகிறதா என்று திருப்பிக் கேளுங்கள். விளைபொருளே வினையை விரைவாக்கும் தன்வினையூக்க வினையில் கணக்கு மாறலாம். இறுதியாண்டு புராஜெக்டில் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய புராஜெக்ட் என்றால் அதைப் பேச்சிலேயே இழுக்காதீர்கள்.

கடலூர் என்றதும் சிப்காட் நாற்றத்தைப் பற்றிக் கேட்க வாய்ப்பிருக்கிறது. என் மாணவர் ஒருவரிடம் கேட்டிருக்கிறார்கள். ஊருக்காக வக்காலத்து வாங்கவும் வேண்டாம், ஆலைகளுக்காகவும் வேண்டாம். 2004-இல் அந்தப் பக்கத்து ஊர்மக்கள் பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியதைச் சொல்லலாம். அழுகிய முட்டை வாசம் ஹைட்ரஜன் சல்பைடு என்றால், அது பில்லியனில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். மில்லியனில் 100 பங்கை எட்டும்போது நுகரும் திறனே மரத்துவிடும், ஆகவே வாசம் நின்றது என்பதை வைத்து வாயு நின்றது என்று முடிவு கட்டக் கூடாது. அது அமில வாயு. பொதி நிரப்பிய கோபுரத்தில் கீழிருந்து வாயுவும் மேலிருந்து எரிசோடாக் கரைசலும் எதிரெதிரே வரும்படி விட்டுக் கழுவலாம். இவ்வளவு சொன்னால் அவர்கள் கோபுரத்தின் உயரத்துக்குப் போய்விடுவார்கள், அது உங்களுக்குத் தெரிந்த இடம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இன்னும் ஆறவில்லை. அதே ஆண்டு வேறொரு நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போனேன், பெயர் வேண்டாம். பலகைப் பக்கமே அழைக்கவில்லை. திருமணம் ஆனால் படிப்பைத் தொடர்வாயா, ஆலையில் இரவுப் பணிக்கு வீட்டில் விடுவார்களா என்று இரண்டு கேள்விகள். வெளியே வந்த பிறகு, எனக்கு முன்னும் பின்னும் காத்திருந்த இளைஞர்களிடம் விசாரித்தேன்; ஒருவரிடமும் திருமணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. உள்ளே இரவுப் பணிக் கேள்விக்கு, பெண்களை இரவுப் பணியில் வைக்கத் தடைசெய்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது என்றேன். அறை அமைதியானது. அங்கே எனக்கு இடம் கிடைக்கவில்லை. காரணம் அந்தப் பதில்தான் என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, மதிப்பெண் குறைவாகவும் இருந்திருக்கலாம். எனக்கு இந்தக் கேள்வியை எழுதிய நீங்கள் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. பெண்ணாக இருந்தால், இக்கேள்வி வந்தால் ஒற்றை வரியில் 'தொடர்வேன்' என்று சொல்லிவிட்டு, பாடத்தில் ஏதாவது கேளுங்கள் என்று நீங்களே திருப்பிவிடுங்கள்.

ஆங்கிலம். இலக்கணத்துக்கு அங்கே யாரும் மதிப்பெண் போடுவதாக நான் பார்த்ததில்லை. நான் பேசியது பாதி ஆங்கிலம், பாதி கட்டமும் அம்புக்குறியும். கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் சரளமாக வர வேண்டும், அது வேறு. அதற்கு வீட்டில் ஒரு கணக்கைச் செய்யும்போது செய்வதையெல்லாம் உரக்க ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே செய்து பழகுங்கள், அம்மா என்ன நினைத்தாலும் பரவாயில்லை. குழுவில் தமிழ் தெரிந்தவர் இருந்து, அவராகவே தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லலாம். இல்லாவிட்டால், கேள்வி புரியாதபோது தலையாட்டாமல், இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள். பேச்சு திக்கி நின்றால் எழுந்து பலகைக்குப் போய், அனுமதி கேட்டு ஒரு கட்டம் போட்டு, உள்ளே வரும் ஓட்டத்துக்குப் பெயர் எழுதத் தொடங்கிவிடுங்கள்.