இதய அறுவை சிகிச்சை முடிந்த கைக்குழந்தையை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

எங்கள் மகளுக்கு ஐந்தாம் மாதத்தில், இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையை அடைத்தார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் தூக்கும் விதம். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது. நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத்தான் இந்தச் சிகிச்சையைச் செய்தார்கள். அந்த எலும்பு மறுபடி ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் ஆகும். ஒரு கையைத் தலைக்கும் கழுத்துக்கும் அடியில், இன்னொன்றைப் பிட்டத்துக்கு அடியில் கொடுத்து அப்படியே அள்ளி எடுங்கள். பார்க்க வரும் உறவினர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஆசையில் சட்டென்று தூக்கிவிடுவார்கள். குப்புறப் போடுவது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது எல்லாம் மருத்துவர் சரி என்ற பிறகுதான்.

அப்புறம் பால். முன்பெல்லாம் இரண்டு நிமிடம் குடித்ததுமே நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, விட்டுவிடுவாள். அறுவை முடிந்த உடனே அது மாறிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்தோம். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் வியர்க்காமல் முழுதும் குடித்தாள். நானும் மனைவியும் அழுதேவிட்டோம்.

காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது நீர்க்கசிவு, வேக மூச்சு, பால் மறுப்பது, உதடு நீலமாவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.