பில் மட்டும் அக்கா பெயரில்

கேள்வி: எனக்கு வயது 24. குடியாத்தத்தில் வசிக்கிறேன், காட்பாடியில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். சைக்கிளிலேயே ராமேஸ்வரம் போய்த் திரும்பும் பயணத்தின் கடைசி இரவில், போளூரில் ஒரு கல்யாண மண்டபத் திண்ணையில் படுத்திருந்தபோது சைக்கிள் திருடுபோய்விட்டது. முன்சக்கரத்தை மட்டும் கம்பத்தோடு பூட்டியிருந்தேன். சக்கரத்தை விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோய்விட்டார்கள். போலீசில் புகார் கொடுத்தேன். பதினாறு நாள் கழித்து, ஆரணியில் ஒரு சைக்கிள் கடைக்காரர், முன்சக்கரம் இல்லாத விலை உயர்ந்த சைக்கிளை ஒருவன் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னதால் சைக்கிளும் ஆளும் கிடைத்துவிட்டார்கள். இப்போது பில்லில் இருக்கும் பெயருக்குரியவர் வர வேண்டும் என்கிறார்கள். பில் மட்டும் அக்கா பெயரில் இருக்கிறது. விலை 28,800 ரூபாய், மாதம் 2,400 வீதம் 12 தவணை, இன்னும் 7 பாக்கி. அக்கா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கும் வேலை செய்கிறார். சைக்கிள் நண்பனிடம் இருப்பதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன். வேறு மாவட்டத்துக்கு அவரை அலைய வைக்கவும் மனமில்லை. அவருக்குத் தெரியாமல் மீட்க வழி உண்டா? ஒப்புதல் கடிதத்தில் அவர் கையெழுத்தை நானே போட்டால் பிரச்சினை வருமா? பிடிபட்டவன் ஏழை. அவனை மன்னித்துவிடவும் நினைக்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் ஒரே ஒரு சொல். ‘பில் மட்டும் அக்கா பெயரில் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘மட்டும்’ எதைக் குறிக்கிறது? பில் அவர் பெயரில், தவணைக் கடன் அவர் பெயரில், மாதந்தோறும் பணம் போவது அவர் சம்பளத்திலிருந்து. இத்தனைக்கும் பிறகு அந்தச் சைக்கிளில் உங்களுக்கென்று மிஞ்சுவது அதில் ஏறி உட்கார்ந்த சுகம்தான். உங்கள் சைக்கிள் திருடுபோனதாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள். காவல் நிலையத்திலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். திருடுபோனது உங்கள் அக்காவின் சைக்கிள். தன் பொருள் களவு போனதும், அகப்பட்டதும், இப்போது காவல் நிலையத்தில் நிற்பதும் தெரியாமல் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறவர் அவர் ஒருவர்தான்.

இது போன்ற கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. சைக்கிள் இருக்கும் இடத்தில் வேறொரு கடிதத்தில் நகை இருக்கும், இன்னொன்றில் நிலப் பத்திரம் இருக்கும். வீட்டில் சம்பாதிக்கும் பெண்ணிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ளும்போது யாருக்கும் கூச்சம் வருவதில்லை, அது தொலைந்துபோன செய்தியைச் சொல்ல மட்டும் வாய் எழுவதில்லை. அக்கா மனம் நோகக்கூடாது என்பதற்காக மறைத்தேன் என்று நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். காத்துக்கொண்டது உங்கள் முகத்தைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

கையெழுத்து விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போடாதீர்கள். வழக்குக் கோப்பில் சேரப்போகும் தாளில் இன்னொருவர் கையெழுத்தை நீங்கள் போட்டால், திருட்டுக் கொடுத்தவராக அந்த நிலையத்துக்குள் நுழைந்த நீங்கள் பொய் ஆவணம் தயாரித்தவராக நிற்க வேண்டியிருக்கும். நாளை நீதிமன்ற நடுவர் (மாஜிஸ்திரேட்) உங்கள் அக்காவை அழைத்து ‘இது உங்கள் கையெழுத்தா?’ என்று கேட்டால், தம்பியைக் காப்பாற்றப் பொய் சொல்வதா, உண்மையைச் சொல்லித் தம்பியை மாட்டிவிடுவதா என்ற இக்கட்டில் அவர் நிற்பார். ஐந்து தவணை கட்டியவருக்கு நீங்கள் செய்யும் கைம்மாறு அதுவா?

இனி நேர்வழி. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. ஒருவர் கைவசம் இருந்த பொருளை எடுத்துப்போவதே திருட்டு என்பதால், உரிமையாளர் அக்காவாக இருந்தாலும் நீங்கள் கொடுத்த புகார் செல்லும், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் ‘எனக்குச் சொந்தமான’ என்று எழுதியிருந்தால், ஓட்டிச் சென்றது நான், வாங்கியவர் என் அக்கா என்று கூடுதல் வாக்குமூலம் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டியது. இதுவரை உங்களிடம் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டுமே இருக்கிறதென்றால் நகலைக் கேட்டு வாங்குங்கள். கைப்பற்றிய பொருளைக் காவல்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும், அதைப் பெறும் உரிமை உள்ளவரிடம் ஒப்படைக்க, குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவின்படி நடுவர் உத்தரவிடலாம். கைப்பற்றிய பொருள்கள் நிலையத்தில் கிடந்து வீணாகக்கூடாது, படம் எடுத்துக்கொண்டு, பிணைமுறி வாங்கிக்கொண்டு விரைவில் திருப்பித் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பில், தவணைக் கடன் தாள், அக்காவின் ஆதார் ஆகியவற்றோடு, பெடல் அச்சு பொருந்தும் இடத்துக்கு அடியில் பொறித்திருக்கும் பிரேம் எண்ணையும் நடுவருக்குக் கொடுக்கும் மனுவில் குறிப்பிடுங்கள். மனு அக்கா பெயரில் இருக்க வேண்டும், கையெழுத்தும் அவருடையதாக இருக்க வேண்டும்.

பிடிபட்டவனை மன்னிக்க நினைக்கும் உங்கள் இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் குற்றத்தில் சமரசம் செய்துகொள்ளும் உரிமையைச் சட்டம் திருட்டுப்போன பொருளின் உரிமையாளருக்குத்தான் கொடுத்திருக்கிறது. மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் அக்கா. பணம் அவருடையது, அதைக் கொண்டு செய்யும் பெருந்தன்மையையும் நீங்கள் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள்.

வேறு மாவட்டம், அலைச்சல் என்கிறீர்கள். 1989 வரை குடியாத்தமும் போளூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. இன்றும் வேலூரில் பஸ் மாறினால் அரை நாளில் போய்ச் சேரலாம். ராமேஸ்வரம்வரை பெடல் மிதித்த கால்களுக்குப் போளூர் தூரமா? ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அக்காவுக்கு அன்றைய சம்பளம் போகும், அதுதான் உண்மையான கஷ்டம். அந்தச் சம்பளத்தை நீங்கள் கொடுங்கள். மீதியுள்ள 7 தவணை, அதாவது 16,800 ரூபாய், இந்த மாதத்திலிருந்து உங்கள் சம்பளத்திலிருந்து போகட்டும். அவர் வேண்டாம் என்பார். அவர் வேண்டாம் என்றதும் விட்டுவிடுகிற பழக்கம்தான் உங்களை இங்கே கொண்டுவந்திருக்கிறது.

அக்காவுக்கு என்ன வயது, அவருக்கு என்ன ஆசை, அவர் கடைசியாக எங்கே பயணம் போனார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சைக்கிளின் கியர், டயர், அதில் கட்டிய பைகள் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள் (இடம் கருதி அதை இங்கே வெளியிடவில்லை). நம் குடும்பங்களில் தாய்மாமன் என்பது வெறும் பட்டம் இல்லை. நாளை அவர் குழந்தைக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறவர் நீங்கள். அந்த மடிக்கு உரிய பொறுப்பு மோதிரமும் தோடும் வாங்கும் நாளில் திடீரென்று வந்துவிடாது. அக்காவின் உழைப்பு எங்கே போகிறது என்று தம்பி கணக்கு வைத்திருப்பதில்தான் அது தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்சக்கரத்தில் நெம்புகோலைத் திருப்பினால் கழன்றுவிடும் அமைப்பு இருக்கும்போது, அந்தச் சக்கரத்தை மட்டும் கம்பத்தோடு பூட்டுவது சைக்கிளைப் பூட்டாமல் விடுவதற்குச் சமம். பூட்டு பிரேமுக்குள் நுழைந்து, சக்கரத்தையும் சேர்த்து, அசைக்க முடியாத கம்பத்தைச் சுற்ற வேண்டும். மெல்லிய கேபிள் பூட்டு நீண்ட பயணத்துக்கு ஆகாது, கனமான இரும்புப் பூட்டு வாங்குங்கள். வெளியூரில் இரவு தங்கினால் சைக்கிளைக் கட்டடத்துக்குள்ளே வைக்க இடம் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஆரணிக் கடைக்காரருக்கு நீங்கள் நன்றி சொன்னதாகவும் கடிதத்தில் இல்லை. யாரென்றே தெரியாத ஒருவருடைய பொருளுக்காக வியாபாரத்தை விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்ன மனிதர் அவர். போளூர் போகும் அன்றே அக்காவையும் அழைத்துக்கொண்டு அவர் கடைக்குப் போய் வாருங்கள்.

திருடன் விட்டுப்போன முன்சக்கரத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, அநேகமாக அந்த நண்பனின் வீட்டில் இருக்கும். சனிக்கிழமை இரவே போய் அதை எடுத்து வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்கா வீட்டில் இருக்கும் நேரத்தில், அதை அவர் முன்னால் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.