காலில் அடிபட்டவர்களுக்கு எந்த சைக்கிள் பெடல்? கேள்வி பதில்

கேள்வி: கணுக்கால் உடைந்து தகடு வைத்திருக்கிறார்கள். பாதம் மேலும் கீழும் ஓரளவு அசைகிறது, பக்கவாட்டில் திரும்பவில்லை. மறுபடி கிளிப்லெஸ் பெடலுக்குப் போகலாமா சார்?

பதில்: மிதிப்பது இருக்கட்டும், முதலில் இறங்குவதைப் பாருங்கள். அந்த பெடலில் ஷூவின் அடியிலுள்ள கிளீட் என்ற சின்னத் துண்டு பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவோடு முன்பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். குதிகாலை லேசாகத் தூக்கிச் சட்டென்று வெளிப்பக்கம் வீசுங்கள். வலியில்லாமல் மூன்று விரல் அகலம் போக வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. போனால் ஷிமானோ எஸ்பிடி பெடலில் எஸ்எச்56 கிளீட் போடுங்கள். வழக்கமான எஸ்எச்51 பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும். எஸ்எச்56 வேறு சில கோணங்களிலும் விடும். பூட்டின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் ஸ்க்ரூவையும் முழுக்கத் தளர்த்திவிடுங்கள். குதிகால் போகவில்லையா, அகலமான தட்டைப் பெடல்தான். சின்னச் சின்ன ஊசிகள் பதித்தது கிடைக்கும், ஷூ வழுக்காது.

கேள்வி: கிளீட் பூட்டினால் முட்டியின் உள்பக்கம் வலிக்கிறது.

பதில்: கிளீட் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஃப்ளோட், அதாவது பூட்டிய நிலையிலும் குதிகால் அசையக் கிடைக்கும் இடம். அது எவ்வளவு என்பதைக் கிளீட்டின் நிறம் சொல்லும். லுக் கியோ பெடலில் கறுப்பு 0 டிகிரி, சாம்பல் 4.5, சிவப்பு 9. ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல்லில் சிவப்பு 0, நீலம் 2, மஞ்சள் 6. ஒன்றில் தாராளமாக அசைய விடும் அதே சிவப்பு, மற்றதில் காலை ஆணி அடித்தது போல நிறுத்திவிடும். யாரோ சொன்னார்கள் என்று நிறத்தை மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.

கேள்வி: அறுவைக்குப் பின் முட்டி 95 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை அண்ணா. எந்த பெடல் நல்லது?

பதில்: எந்த பெடலும் உதவாது, கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையை, மாற்றுங்கள். முழுச் சுற்று சுற்ற ஏறக்குறைய 110 டிகிரி மடங்க வேண்டும். 170 மில்லிமீட்டர் கிராங்கை 150 ஆக்கினால் பெடல் மேலே வரும்போது 20 மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கும். கீழேயும் அது 20 மேலே நின்றுவிடுவதால் சீட்டை அந்த அளவு உயர்த்தலாம். ஆக முட்டிக்குக் கிடைப்பது 40. ஒரு கால் மட்டும் மடங்கவில்லை என்றால், அந்தப் பக்கம் மட்டும் பூட்டுகிற கிராங்க் குறைப்பான் உண்டு. 95 டிகிரிக்கு எது போதும் என்பதை உங்கள் பிசியோவோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எல்லோரையும் தட்டைப் பெடலுக்குத் தள்ளுகிறீர்களே! பூட்டினால்தான் காலை மேலே இழுத்து மிதிக்க முடியும். பாதி பலத்தை விடச் சொல்கிறீர்களா?

பதில்: பாதியா? சீராக ஓட்டும்போது பலம் ஏறக்குறைய முழுவதும் கீழே அழுத்தும் காலிலிருந்துதான் வருகிறது. மேலேறும் கால் தன் எடையைத் தூக்கிக்கொண்டாலே பெரிய விஷயம்.

மறுபடியும் அவரே: அப்படியானால் பந்தயக்காரர்கள் ஏன் பூட்டுகிறார்கள்?

பதில்: வேகமாகச் சுற்றும்போதும் எழுந்து நின்று பாயும்போதும் கால் நழுவக் கூடாது என்பதற்காக. 1985இல் பெர்னார்ட் இனோ லுக் பெடலில் டூர் டி பிரான்ஸ் ஜெயித்த பிறகு எல்லோரும் அதற்கு மாறினார்கள், சரி. ஆனால் சிக்னலில் நின்று கால் ஊன்றுவது அவர்கள் வேலை இல்லை. தகடு வைத்த கால் பூட்டிலிருந்து கழலாவிட்டால் அந்தப் பக்கமே சாய்வீர்கள், அதே கணுக்கால் மேல்.

கேள்வி: கணுக்காலில் பழைய சுளுக்கு. கிளிப்லெஸ் போடலாமா?

பதில்: நாற்காலி. முதல் பதில்.

கேள்வி: குதிகால் தசைநார் கிழிந்து ஆறியிருக்கிறது. மிதித்தால் கெண்டைக்கால் இழுக்கிறது.

பதில்: பாதத்தை முன்னால் தள்ளி, பெடலின் அச்சு நடுப்பாதத்துக்குக் கீழே வரும்படி மிதியுங்கள். கெண்டைக்காலின் வேலை குறையும். தட்டைப் பெடலில் இதற்குச் செலவே இல்லை. சீட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி முன்சக்கரத்தில் உரசலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பாதம் தொங்குகிறது, பிளாஸ்டிக் பட்டை போட்டிருக்கிறார்.

பதில்: குதிகால் தாங்கியும் பட்டையும் உள்ள பெடல் வேண்டும். அதை அவருடைய பிசியோ பார்த்துப் பொருத்தட்டும், முதலில் நிலையான சைக்கிளில்.

கேள்வி: காந்தப் பெடல் போட்டால் கணுக்காலைத் திருப்பவே வேண்டாமாமே?

பதில்: பக்கவாட்டில் சாய்த்தாலும் விடும், உண்மைதான். ஆனால் அதற்கும் கால் அசைய வேண்டுமே. நாற்காலி, நாற்காலி.

கேள்வி: பழைய பெடலைக் கழற்றுகிறேன். இடதுபக்கம் அசையவே மாட்டேன் என்கிறது.

பதில்: இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இடது பெடலின் மரை தலைகீழ். 15 மில்லிமீட்டர் ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின்சக்கரப் பக்கம் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் அப்படித்தான் கழலும். புதியதை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள்.