எதிர்பாராத செலவுக்கு மாதம் எவ்வளவு எடுத்து வைப்பது?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பழைய சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. சம்பளம் 20,000 ரூபாய். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்து 6,000 ரூபாய் அளவுக்குச் சம்பாதிக்கிறேன். இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் உடன் இருக்கிறார்கள். ஆகஸ்டில் போர்வெல் மோட்டார் எரிந்து 9,500 ரூபாய் செலவானது. அக்டோபரில் மாமியார் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததில் தனியார் மருத்துவமனைக்கு 14,000 ரூபாய் கட்டினோம். நவம்பர் மழையில் மாடித் தளம் ஒழுகி 12,000 ரூபாய் போனது. தெரிந்தவரிடம் 3 ரூபாய் வட்டிக்கு 30,000 ரூபாய் வாங்கியிருக்கிறோம். வண்டிக் கடன் தவணை 2,900 ரூபாய் இன்னும் ஐந்து மாதம் கட்ட வேண்டும். நகைச் சீட்டு 2,000 ரூபாய் வீதம் இரண்டு தவணை பாக்கி. பேப்பரை நிறுத்திவிட்டோம், ஞாயிற்றுக்கிழமை மீனையும் நிறுத்திவிட்டோம். இதற்கு மேல் எதைக் குறைப்பது, பிள்ளைகளின் டியூஷனையா? தண்டலுக்குப் பணம் வாங்கி வட்டிக்காரரை முடித்துவிடலாமா, நகையை அடகு வைக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் ஊதாரித்தனம் என்று சொல்லத்தக்க செலவு ஒன்றுகூட இல்லை. ஆகவே இன்னும் எதைக் குறைக்கலாம் என்று உங்கள் சமையலறைக்குள் தேடுவதில் எனக்கு விருப்பமில்லை. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பையும் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலையும் விடாமல் வாங்குகிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். மீனை நிறுத்த வேண்டியதும் இல்லை. வஞ்சிரத்தை விட்டுவிட்டு மத்தியோ நெத்திலியோ வாங்கினால் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் விலை ஏறும். அப்போது முட்டைக்கு மாறிக்கொள்ளலாம். இவற்றில் மிச்சமாவது மாதம் சில நூறு ரூபாய்; உங்களைக் கடனாளியாக்கியது 35,500 ரூபாய்.

அந்த 35,500 ரூபாயை நீங்கள் எதிர்பாராத செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். வந்த தேதி எதிர்பாராதது என்பது உண்மை. ஆனால், போர்வெல் உள்ள வீட்டில் மோட்டார் என்றாவது பழுதாகும், வயதானவர் இருக்கும் வீட்டில் மருத்துவச் செலவு வரும், கடலூரில் பழைய மாடித் தளம் ஐப்பசி, கார்த்திகையில் ஒழுகும் என்பவை யாரும் எதிர்பாராதவை என்று சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் இந்தக் கரையில்தான் புகுந்தது. 2015-இல் வெள்ளம் வந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.-க்கும் மேல் மழையைக் கொட்டியது. அடுத்த இரண்டொரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூருக்குள் வந்தது. இப்படிப்பட்ட ஊரில் மழைக்காலச் செலவை விதியின் கணக்கில் எழுதாமல் வீட்டுக் கணக்கில் எழுத வேண்டும்.

அதற்கு ஒரு மாதத்தின் பட்ஜெட் உதவாது. ஆண்டுக் கணக்கு வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் மாதச் சம்பளத்தில் அடங்காமல் போன செலவுகளை நீங்களும் கணவரும் மாமியாரும் சேர்ந்து உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதுங்கள். உங்களைப் போன்ற ஒரு குடும்பத்துக்கு நான் போடும் உத்தேசக் கணக்கு இது: ஜூன் மாதப் பள்ளிச் செலவு 12,000, தீபாவளி 10,000, வீட்டுப் பராமரிப்பு 12,000, மருத்துவம் 10,000, மோட்டார், மிக்சி, ஃபேன் போன்றவற்றின் பழுது 5,000, வீட்டு வரியும் வண்டி இன்சூரன்சும் 2,500, மொய் 6,000. மொத்தம் 57,500 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ 4,800 ரூபாய். உங்கள் வீட்டுத் தொகைகள் இதிலிருந்து மாறலாம், ஆனால் செலவினங்கள் பெரும்பாலும் இவையாகவே இருக்கும். அப்படியானால் நீங்கள் மாதம் 26,000 ரூபாயில் குடும்பம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தாலும், உண்மையில் செலவழிக்கக் கையில் இருப்பது 21,200 ரூபாய்தான். மீதி 4,800 ரூபாய், இன்னும் பில் வராத செலவுகளுக்கு உரிய பணம்.

குடும்பக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் மொய்யை விட்டுவிடுகிறார்கள். திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் ஒரே முகூர்த்தத்தில் வரிசையாகத் தாலி கட்டுவதைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு, ஆவணியிலும் தையிலும் வீட்டுக்கு வரும் பத்திரிகைகளின் எண்ணிக்கையை நான் சொல்ல வேண்டியதில்லை. மொய் நம் விருப்பப்படி குறைத்துக்கொள்ளக்கூடிய அன்பளிப்பும் அல்ல. அவர்கள் வீட்டு நோட்டில் நம் பெயரும், நம் வீட்டு நோட்டில் அவர்கள் பெயரும் இருக்கும்வரை அது ஒரு கணக்கு. ஆகவே நோட்டை எடுத்து, இந்த ஆண்டு திருப்பிச் செய்ய வேண்டியவர்கள் யார் யார் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக வரும் பத்திரிகைகளுக்கு நேரில் போய் வாழ்த்திவிட்டுச் சிறு தொகை எழுதுவதில் தவறில்லை.

இனி கடன். நூற்றுக்கு 3 ரூபாய் என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றும் வட்டி, ஆண்டுக்கு 36 சதவீதம். 30,000 ரூபாய்க்கு மாதம் 900 ரூபாய் கட்டுகிறீர்கள். ஓராண்டில் 10,800 ரூபாய் கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். தண்டல் இதைவிட மோசம். 10,000 ரூபாய் என்று சொல்லிக் கையில் 8,500 ரூபாய் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிக்கும் வழக்கமான கணக்கை எடுத்துக்கொண்டால், பார்வைக்கு 1,500 ரூபாய்தான் வட்டி. ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருவதால், அந்தப் பணம் முழுவதும் உங்கள் கையில் 100 நாள் இருப்பதே இல்லை. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தொடுகிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தடை செய்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 36 சதவீதத்தை அடைக்க 120 சதவீதத்துக்கு வாங்குவது எந்தக் கணக்கிலும் அடங்காது.

நகையை அடகு வைக்கலாம். உங்கள் நிலையில் வைக்கத்தான் வேண்டும் என்பேன். பெட்டியில் தங்கத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு 36 சதவீத வட்டி கட்டுவது கௌரவமாகத் தோன்றலாம், ஆனால் அந்தக் கௌரவத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை அதிகம். அடகுக்கடைக்குப் போகாமல் வங்கிக்கோ கூட்டுறவு வங்கிக்கோ போங்கள். தங்கம் இப்போது விற்கும் விலையில், ஒரு சவரன் எடையுள்ள தோடோ மோதிரமோ 30,000 ரூபாய்க்குத் தாராளமாகப் போதும். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டியதில்லை. மேலாளர் "இதற்கு இன்னும் அதிகமாகவே கிடைக்குமே" என்று சொன்னாலும் தேவைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 250 ரூபாய்தான் ஆகும். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டித் திருப்பும் கடனாக இருந்தாலும், இடையிடையே அசலில் கட்டிக் குறைக்க வழி உண்டா என்பதை வைக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மிச்சமாகும் 650 ரூபாய் வீட்டுச் செலவில் கரைந்துவிடக் கூடாது. வழக்கம்போல 900 ரூபாயைத் தனியே எடுத்து, வட்டி போக மீதியை அசலில் கட்டுங்கள். நகைச் சீட்டை இப்போது பாதியில் நிறுத்தினால் கடைக்காரர் தரும் சலுகை போய்விடும். இரண்டு தவணைதானே, கட்டி முடித்துவிடுங்கள். புதுச் சீட்டு மட்டும் சேராதீர்கள். மூன்றாம் மாதத்திலிருந்து அந்த 2,000 ரூபாயில் 1,000 ரூபாயைக் கடனுக்கும் 1,000 ரூபாயைக் கையிருப்புக்கும் பிரியுங்கள். ஆறாம் மாதத்திலிருந்து வண்டித் தவணை நின்றதும் அந்த 2,900 ரூபாயில் 1,700 ரூபாய் கடனுக்கும் 1,200 ரூபாய் கையிருப்புக்கும் போகட்டும். இப்படிச் செய்தால் பன்னிரண்டு மாதத்தில் நகை ஏறத்தாழ மீண்டுவிடும். கையிருப்பில் 18,400 ரூபாய் சேர்ந்திருக்கும். பள்ளிச் செலவையும் தீபாவளியையும் இந்த முதல் ஆண்டில் மட்டும் இதுவரை சமாளித்தது போலவே இறுக்கிப் பிடித்துச் சமாளிக்க வேண்டியிருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த ஆண்டு 900, 2,000, 2,900 ஆகிய மூன்று தொகைகளும் சேர்ந்து மாதம் 5,800 ரூபாய் உங்கள் கையில் நிற்கும். 4,800 ரூபாயை எடுத்து வைத்த பிறகும் 1,000 ரூபாய் மிஞ்சும்.

கையிருப்பைச் சம்பளம் வரும் கணக்கிலேயே விட்டு வைத்தால் அது கையிருப்பாக இருக்காது. அஞ்சலகத்தில் உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதை ஜிபேயோடு இணைக்காமல், பாஸ்புக்கோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சலக ஆர்.டி. நல்ல திட்டம்தான், மாதம் 100 ரூபாயிலிருந்தே கட்டலாம். ஆனால் ஐந்தாண்டுத் திட்டமான அதை மூன்று ஆண்டுக்கு முன் முடிக்க முடியாது. ஓராண்டு கட்டிய பிறகு பாதித் தொகை வரை கடன்தான் கிடைக்கும். ஆகவே அவசரப் பணத்தை அதில் போடாதீர்கள். மழைக்கால மூன்று மாதங்களில் 2,000 ரூபாயை நூறு, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக வீட்டில் வைத்திருங்கள். மின்சாரமும் சிக்னலும் போன நாளில் போனில் இருக்கும் பணத்தால் பால்கூட வாங்க முடியாது.

செலவைக் குறைக்க உண்மையிலேயே இடமிருப்பது பராமரிப்பில். மோட்டார் ஓடாமல் "உம்" என்று முனகினால் பல சமயம் கெபாசிட்டர்தான் போயிருக்கும். சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். அதைக் கவனிக்காமல் சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தால் காயில் சூடேறி எரிந்து, ரீவைண்டிங்குக்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டியிருக்கும். முனகல் கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, சொல்லி வையுங்கள். மாடித் தளத்துக்கு வருவோம். நவம்பரில் கொடுத்த 12,000 ரூபாயில் ஒரு பகுதி அவசரத்துக்காகக் கொடுத்ததாகவே இருக்கும். மழைக்காலத்தில் கொத்தனார் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கூலி அதிகம். அதோடு ஈரத் தளத்தில் பூசிய பூச்சு பிடித்து நிற்காது. சித்திரை முதல் ஆடி வரை தளம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது விரிசலை அடைத்து, தளவோடு பெயர்ந்த இடங்களைப் பூசுங்கள். புரட்டாசி பிறப்பதற்குள் மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்திருக்கும் சருகை அள்ளிப் போடுங்கள். இதற்குக் காசே ஆகாது, ஆனால் மாடியில் தண்ணீர் தேங்குவதற்குப் பெரும்பாலும் இந்தச் சருகுதான் காரணம். கூரையின் அடிப்பகுதியில் சிமெண்ட் உதிர்ந்து கம்பி துருவேறித் தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கடற்காற்று உள்ள ஊரில் துரு வேகமாகப் பரவும்.

மாமியாரின் சிகிச்சையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கணவரின் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இத்திட்டம் பொருந்தும். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், அதாவது 20,000 ரூபாய்க்கு 150 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது உண்டு. ஒப்பந்தக்காரர் கட்டத் தவறினால் தொழிற்சாலையே பொறுப்பேற்க வேண்டும். மனைவி, பிள்ளைகள் மட்டுமின்றி, வருமானமின்றி அவரைச் சார்ந்து வாழும் தாயும் இதில் சிகிச்சை பெறலாம். பிடித்தம் இருந்தும் மாமியார் பெயர் குடும்ப விவரத்தில் சேர்க்கப்படாமல் இருந்தால், அவருடைய ஆதார் நகலைக் கொடுத்து இந்த வாரமே சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே சேர்ந்திருந்தால், 14,000 ரூபாய்க்கான ரசீதுகளை எடுத்துப் போய், அவசர சிகிச்சைக்கான தொகையைத் திரும்பப் பெற முடியுமா என்று ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது. பெரிய சிகிச்சை என்று வந்தால் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மருக்கு முதலில் போய்ப் பாருங்கள்; உடன் தங்குபவரின் பஸ் கட்டணமும் சாப்பாடும்கூடச் செலவாகும், அதையும் மருத்துவக் கணக்கில் சேர்த்து எழுதுங்கள். அன்றாட மாத்திரைகளை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கலாம். கணவரின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீட்டைச் சேர்த்துவிடுங்கள். விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மருத்துவமனைச் செலவு அதில் வராது.

பிள்ளைகளின் டியூஷனை நிறுத்த வேண்டாம். வங்கியில் பணம் கைக்கு வந்த அன்றே வட்டிக்காரரிடம் அசலையும் அன்று வரையிலான வட்டியையும் கொடுத்துவிட்டு, நீங்கள் கையெழுத்திட்ட புரோநோட்டையும், வெற்றுத் தாளோ காசோலையோ கொடுத்திருந்தால் அதையும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "நாளைக்கு எடுத்துத் தருகிறேன்" என்று அவர் சொன்னால், பணம் முழுவதையும் பெற்றுக்கொண்டதாகத் தேதியுடன் எழுதி வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.