பாட்டியின் லாகூர் நினைவு ஏன் செயற்கையாகத் தெரிகிறது

உங்கள் பிரிவினைக் கதையில் பாட்டியின் லாகூர் நினைவு ஏன் செயற்கையாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். சிக்கல் ஒரு வரியில்தான். 1947 ஆகஸ்ட் 15 அன்று லாகூர் வீட்டைப் பூட்டும்போதே ‘இனி இது வேறு நாடு, திரும்பி வரவே முடியாது’ என்று, அப்போது பதினாறு வயதான பாட்டி நினைக்கிறாள். அதை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் தெரிந்த பிறகு நீங்கள் எழுதுகிறீர்கள். உங்கள் அறிவு அவள் தலைக்குள் புகுந்துவிட்டது. இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த ராட்கிளிஃப் எல்லைக்கோடு வெளியானதே ஆகஸ்ட் 17-இல்தான். பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் பலர் அதுவரை தாங்கள் பாகிஸ்தானில் இருப்பதாகவே நம்பினார்கள். கடைசியில் அந்த மாவட்டத்தின் நான்கு தாலுகாக்களில் மூன்று இந்தியாவுக்கு வந்தன. கலவரம் அடங்கியதும் திரும்பலாம் என்று அக்கம்பக்கத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நிறைய. ஆகவே அவள் கவலை சின்னதாக இருக்கட்டும்: மொட்டைமாடி வெயிலில் வைத்த ஊறுகாய்ச் சாடியை யார் உள்ளே எடுத்து வைப்பார்கள்?

நினைவுப் பகுதியை மட்டும் தனியாக அச்செடுத்து, அந்தப் பதினாறு வயதுப் பெண்ணுக்கு அன்று தெரிந்திருக்க முடியாததையெல்லாம் அடிக்கோடிட்டுப் பாருங்கள். (அவளை யார் செய்தித்தாள் படிக்க விட்டார்கள் என்பதும் கேள்விதான்.)

ஒன்று மட்டும் கவனம். இன்றைய கிழவியே வாய்விட்டுச் சொல்வதாக இருந்தால் பின்னால் தெரிந்தது கலக்கலாம், அப்படித்தான் பேசுவார்கள். அப்புறம், கதையை வங்காளத்துக்கு மாற்றினால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே இடப்பெயர்வு ஆண்டுக்கணக்கில் நீண்டது. இரு நாடுகளுக்கிடையே பாஸ்போர்ட் வந்ததே 1952-இல்தான்.