நின்றுபோன நாவலை ஒதுக்கிவிட்டுப் புதிய கதைக்குப் போகலாமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் ஆசிரியை நான். 1942இல் ஜப்பான்காரன் எங்கள் ஊரில் குண்டு போட்டதை வைத்து ஒரு நாவல் தொடங்கினேன். அம்மம்மா சொன்ன கதைகள்தான் அடிப்படை. பதினொரு அத்தியாயம் ஓடியது. குண்டு விழும் நாளோடு நின்றுவிட்டது. ஏழெட்டு மாதமாக ஒரு வரி நகரவில்லை. இப்போது திருக்கடலூரில் சொந்தக் கரைவலையில் ஆட்களை வைத்து மீன்பிடிக்கும் சம்மாட்டி ஒருவரின் மகளைப் பற்றி வேறொரு கதை மனதில் ஓடுகிறது. ஒரே இரவில் ஆறு பக்கம் எழுதிவிட்டேன். பழையதை வைத்துவிட்டு இதற்குப் போகலாமா? இதற்கு முதலும் ஒரு நாவலைப் பாதியில் விட்டவள் என்பதால் பயமாக இருக்கிறது. எழுதிய அத்தியாயங்களைச் சிறுகதைகளாகப் பத்திரிகைக்கு அனுப்பலாமா?

பதில்: போகலாம். மார்க் ட்வைன் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலை 1876இல் தொடங்கி, இடையில் தூக்கி வைத்துவிட்டு வேறு புத்தகங்கள் எழுதி, 1883இல்தான் முடித்தார். டால்ஸ்டாய் ரஷ்ய மன்னர் மகா பீட்டரைப் பற்றி எழுத நினைத்துக் குறிப்புகளாகச் சேர்த்தார். தொடக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார். அது ஓடவில்லை. 1873இல் ‘அன்னா கரேனினா’வில் இறங்கிவிட்டார். பீட்டர் நாவல் கடைசிவரை வரவேயில்லை. உங்களுடையதும் இந்த இரண்டில் எதுவாகவும் ஆகலாம் என்று தெரிந்துகொண்டே போங்கள்.

போவதற்கு முன் அது ஏன் நின்றது என்று பார்த்துவிட வேண்டும். தகவல் போதாமல் நின்றதென்றால் ஒதுக்கத் தேவையில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதலாம். களைப்பு என்றால் கொஞ்ச நாள் விட்டுவிட்டு வரலாம். உங்களுடையது இரண்டுமில்லை என்றே எனக்குப் படுகிறது. ‘குண்டு விழும் நாளோடு நின்றுவிட்டது’ என்கிறீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் குண்டு. 9ஆம் திகதி வியாழக்கிழமை காலை திருகோணமலையில். இது உங்களுக்கும் தெரியும், வாசிக்கிறவருக்கும் தெரியும். பதினொரு அத்தியாயத்தையும் அந்தத் திகதிதான் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அது வந்து போன பிறகு கதையை இழுக்க ஆளில்லை. சரித்திரச் சம்பவத்தை நம்பி எழுதப்படும் பிரதிகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அந்த வியாழக்கிழமை, சித்திரை வருசப்பிறப்புக்கு நாலைந்து நாள்தான் மிச்சம். ஒரு வீட்டில் பலகாரத்துக்கு மா இடித்து வறுத்து வைத்திருக்கிறார்கள். துறைமுகப் பக்கம் வெடிக்கிறது, சனம் பொட்டலியும் பிள்ளைகளுமாக ஓடுகிறது. அந்த வீட்டுக்காரி மட்டும் மாப் பானையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நிற்கிறாள். ஏனென்றால் மூத்தவளைப் பார்க்க வருசத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் குண்டு விழுந்த விமானத் தளம் இருக்கும் சீனக்குடாவில் வேலை. இப்போது பாருங்கள், கடைசிக் குண்டு விழுந்த பிறகும் கதைக்கு வேலை இருக்கிறது. அவன் இருக்கிறானா? இருந்தாலும் அந்தச் சம்பந்தம் நடக்குமா? ஓடிப்போய்த் தங்கிய வீட்டில் மூத்தவளை வேறு யாராவது பார்த்துவிட்டார்களா?

ஒரு பின்னேரம் உட்கார்ந்து உங்கள் முக்கிய பாத்திரங்களின் பெயர்களை எழுதுங்கள். ஏப்ரல் 10ஆம் திகதி விடியும்போது அவரவருக்கு என்ன வேண்டும் என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஆளுக்கொரு வரி, ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி வந்தால் பன்னிரண்டாம் அத்தியாயம் உங்கள் கையில் இருக்கிறது, நாவலை ஒதுக்காதீர்கள். ‘உயிர் தப்ப வேண்டும்’ என்று எல்லோருக்கும் ஒரே வரிதான் வருகிறதா? அப்படியானால் பிழை முதலாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அதைக் குலைத்துக் கட்ட இப்போது உங்களுக்குத் தெம்பில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. தாராளமாக எடுத்து வையுங்கள்.

புதுக் கதையின் ஆறு பக்கத்தை நான் கணக்கில் எடுக்கமாட்டேன். தொடக்கம் யாருக்கும் வரும். நடுவில் வரக்கூடிய மிகக் கஷ்டமான காட்சியை முதலில் எழுதிப் பாருங்கள். சம்மாட்டியின் மகள் அப்பாவின் கணக்குக் கொப்பியைப் பார்க்கிறவள் என்று வைத்துக்கொள்வோம். வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து வலை போட முடியாத மாதங்களில் அப்பாவிடம் முற்பணம் வாங்கித் தின்ற வலை இழுப்பவர் ஒருவர், பருவம் தொடங்கியதும் வேறு சம்மாட்டியின் வாடிக்கு, அதாவது கரையிலுள்ள மீன்பிடிக் கொட்டிலுக்கு, போய்விட்டார். காசைக் கேட்டு அவள் அவர் வீட்டுப் படலையில் நிற்க வேண்டும். கதவைத் திறப்பவள் இவளோடு ஒரே வகுப்பில் படித்தவள். இருவரும் என்ன கதைப்பார்கள்? இந்தக் காட்சியோ இதுபோல் உங்களுக்குத் தோன்றும் ஒன்றோ நாலு பக்கத்துக்கு நிற்குமானால் அது கதைதான். நிற்கவில்லையென்றால் நீங்கள் தேடியது கதையை அல்ல, பழைய நாவலிலிருந்து தப்ப ஒரு வழியைத்தான்.

இரண்டாவது தடவை என்ற பயத்துக்கு வருகிறேன். முந்தைய நாவல் எந்த இடத்தில் நின்றது என்று எடுத்துப் பாருங்கள். அதுவும் ஏறக்குறைய நடுவில்தான் என்றால், புதியதை நாவல் என்று தொடங்க வேண்டாம். குறுநாவலாக வையுங்கள், ஒரு சீ.ஆர். கொப்பிக்குள், அதாவது கெட்டி அட்டை போட்ட ஒரு பெரிய கொப்பிக்குள், முடிய வேண்டும். முடிவு மோசமாக வந்தாலும் எழுதிவிடுங்கள். நீளமான ஒரு கதையின் கடைசிப் பக்கங்களை நீங்கள் இன்னும் எழுதிப் பழகவில்லை. அது தனி வேலை. இரண்டு கதைகளையும் ஒன்றுவிட்ட ஒருநாள் எழுதலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பள்ளிக்கூட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் நடுவில் எழுதுகிறவருக்கு அது சரிவராது.

பழையதை எடுத்து வைக்கும் முறை ஒன்று உண்டு, அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உங்களுக்கே ஒரு கடிதம் எழுதி அதன் மேல் வையுங்கள். அடுத்து என்ன நடப்பதாக நினைத்தீர்கள், எந்தப் பாத்திரம் எதை ஒளிக்கிறது, எந்த அத்தியாயம் உங்களுக்கே பிடிக்கவில்லை, கதை சொல்கிறவள் கிழவியை ‘அம்மம்மா’ என்கிறாளா பெயரைச் சொல்கிறாளா, நாலாம் அத்தியாயத்தில் ஒரு சைக்கிள் காணாமல் போயிருந்தால் அது யாரிடம் இருக்கிறது, எல்லாம் அதில் வேண்டும். இன்றைக்கு இது தேவையில்லாத வேலையாகத் தெரியும். இரண்டு வருசம் கழித்துத் திறக்கும்போது சைக்கிள் யாருடையது என்பதே நினைவிருக்காது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் யுனிகோடுக்கு மாற்றி, ஒரு பிரதியை அச்செடுத்தும் வையுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, ஆங்கில எழுத்துக் குப்பையைப் பார்த்துக் கோப்பு பழுதாகிவிட்டது என்று அழுதவர்களை எனக்குத் தெரியும்.

ஒதுக்கிவைக்கக் கூடாதது ஒன்றிருக்கிறது. 1942இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. அம்மம்மா இப்போது இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த வாரமே கைபேசியில் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் அவர் வயதுக்காரர் உவர்மலையிலோ உறவிலோ யார் மிச்சம் என்று விசாரியுங்கள். நாவலை எழுதினாலும் எழுதாவிட்டாலும் இது நடக்க வேண்டும். ‘பயமாக இருந்ததா’ என்று கேட்காதீர்கள், ‘ஓம்’ என்பதோடு முடிந்துவிடும். அன்று காலமை என்ன சாப்பிட்டீர்கள், எந்த வழியால் போனீர்கள், யார் வீட்டில் படுத்தீர்கள், வீட்டுத் திறப்பு யாரிடம் இருந்தது, திரும்பி வந்தபோது வீட்டில் எது இல்லை என்று கேளுங்கள். ஏப்ரல் 10ஆம் திகதிக்கு வேண்டியவை அந்தப் பதில்களில்தான் வரும்.

அத்தியாயங்களைச் சிறுகதையாக அனுப்புவதைப் பற்றி: முன்பின் தெரியாத ஒருவர் வாசித்து, ‘பிறகு என்ன நடந்தது?’ என்று கேட்காத அத்தியாயம் ஏதும் இருந்தால் அதை மட்டும் அனுப்புங்கள். நாவலின் முதலாம் அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டாம். திரும்பி வரும்போது நீங்கள் மாற்றப்போவது அதைத்தான். அச்சான பிறகு அதில் கை வைக்க மனம் வராது.