பச்சோந்திக்குப் புழுவா, ஈயா?

கேள்வி: வெயில்டு வகைப் பச்சோந்தி ஒன்று வளர்க்கிறேன். சுவர்க்கோழிப் பூச்சியையே போட்டுப் போட்டு அதற்கு அலுத்துவிட்டது. தூண்டில் சாமான் விற்கிறவரிடம் வெள்ளை ஈப்புழு ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். ஆசையாகத் தின்றது. ஆனால் மறுநாள் எச்சத்தில் சில புழுக்கள் முழுசாகக் கிடந்தன. புழு உயிரோடு போனால் வயிற்றைக் குடைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? வீட்டிலேயே புழு வளர்த்துக் கொடுக்கலாமா?

பதில்: குடையாது. அந்தப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஈப்புழுவின் வாயில் இருப்பது இரண்டு சின்னக் கொக்கி, அவ்வளவுதான். ஊறிப்போன, அழுகிப்போன பொருளைச் சுரண்டித் தின்னத்தான் அது உதவும். இரைப்பைக்குள் காற்றும் கிடையாது, அமிலமும் சும்மா இருக்காது. போன கொஞ்ச நேரத்தில் புழு செத்துவிடும்.

முழுசாக வெளியே வந்ததற்குக் காரணம் வேறு. புழுவின் தோல் ரப்பர் மாதிரி நெகிழ்வது. பச்சோந்தி ஒரு தடவை, இரண்டு தடவை மென்றுவிட்டு விழுங்கும்போது கிழியாமல் தப்பிவிடுகிறது. தோல் கிழியாவிட்டால் செரிப்பு நீர் உள்ளே போகாது. கூண்டில் சூடு குறைவாக இருந்தாலும் இப்படி ஆகும். விளக்கின் கீழே வெயில் காயும் கிளையில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறதா என்று ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். ஆக, உங்கள் பச்சோந்திக்கு ஆபத்து ஒன்றும் நேரவில்லை. தின்றது உடம்பில் ஒட்டவில்லை, அதுதான் நஷ்டம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயத்தைப் பற்றி: தூண்டில் புழு. மீன் பிடிக்க வளர்க்கும் புழு பெரும்பாலும் இறைச்சிக் கழிவிலும் மீன் கழிவிலும் வளர்ந்தது. சிவப்பு, மஞ்சள் என்று சாயம் ஏற்றியும் விற்கிறார்கள். மீனுக்குக் கொக்கியில் மாட்டத்தானே என்று வளர்ப்பவர் நினைப்பதில் தப்பில்லை. அதையே வாங்கி, மேலே பல்லிப் படம் ஒட்டிய டப்பாவில் மாற்றிப் போட்டு, 'ஊர்வனவற்றுக்கான சத்துணவு' என்று விற்கிற இடைத்தரகர்தான் பிரச்சினை. அழுகிய பிணத்தில் வளரும் புழு, பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சைத் தன் உடம்பில் சுமக்கக்கூடும். புழுவுக்கு ஒன்றும் ஆகாது, தின்ற பறவைகள் கழுத்துத் தொங்கிச் சாகும். வாத்துகளிடமும் கோழிகளிடமும் நன்றாகத் தெரிந்த சங்கதி இது. உங்கள் பிராணியை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இங்கே எனக்கு ஒரு ஆத்திரம் உண்டு. பச்சோந்தி ஒன்று நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப்படி அனுமதிச் சீட்டு, முத்திரை, எல்லாம் வேண்டும். சரி, வேண்டியதுதான். அந்தப் பச்சோந்தி தினமும் தின்னப்போகும் புழுவை வாங்கிப் பாருங்கள். எதைத் தின்று வளர்ந்தது, எப்போது அடைத்தது என்று ஒரு வரி இருக்காது. கேட்டால் கடைக்காரர் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

அதனால் வீட்டிலேயே வளர்ப்பது நல்ல யோசனை. ஆனால் புழுவைக் கொடுக்காதீர்கள், ஈயாக்கிக் கொடுங்கள். வீட்டு ஈயின் புழுவில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ்தான் அதிகம். அதையே தொடர்ந்து தின்றால் எலும்பு வளைந்துபோகும். ஈயிலும் கால்சியம் குறைவுதான், ஆனால் அதன் வயிற்றில் நல்லதைப் போட்டு அனுப்ப முடியும். பறக்கிற ஈயைக் குறிபார்த்து நாக்கை நீட்டிப் பிடிப்பது பச்சோந்திக்கு நல்ல உடற்பயிற்சியும்கூட. அலுப்பு என்றீர்களே, அதற்கு இதுதான் மருந்து.

வழி எளிது. நம்பகமான இடத்திலிருந்து வீட்டு ஈயின் கூட்டுப்புழுக்களை ஒருமுறை வாங்குங்கள். பழுப்புச் சிவப்பில் சின்ன நெல்மணி அளவில் இருக்கும். கொசுவலை கட்டிய பெட்டியில் வைத்தால் சில நாளில் ஈ வரும். சர்க்கரையும் பால் பவுடரும் கலந்து ஒரு தட்டில் வையுங்கள். தண்ணீரைத் திறந்த கிண்ணத்தில் வைக்கக் கூடாது, மூழ்கிச் சாகும். நனைத்த பஞ்சு போதும். ஒரு வாரம் போல ஆனதும், ஈரமாக்கிய கோதுமைத் தவிட்டில் கொஞ்சம் பால் பவுடர் கலந்து உள்ளே வைத்தால் வெள்ளை வெள்ளையாக முட்டை இட்டுவிடும். முட்டை ஒரு நாளுக்குள் பொரியும். கதகதப்பான இடத்தில் ஒரு வாரத்தை ஒட்டிப் புழு முழு வளர்ச்சி அடைந்து உலர்ந்த இடம் தேடிப் போகும். ஓரத்தில் காய்ந்த தவிட்டைப் பரப்பி வைத்தால் அங்கே போய்க் கூடாகும். சலித்து எடுத்துக்கொள்ளலாம்.

நாற்றம் வருகிறதே என்பீர்கள். தவிட்டைக் கையில் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. வடிந்தால் தண்ணீர் அதிகம். மூக்கை அரிக்கிற நெடி வந்தால் தீவனம் அதிகம். இறைச்சித் துண்டைப் போட்டால் சீக்கிரம் வளரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோழித் தீவனத்தில் வளர்ப்பவர்களும் உண்டு. அதில் மருந்து கலந்த வகைகள் இருக்கின்றன, பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

கூட்டுப்புழுக்களை ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் தள்ளிப்போகும். நாள் கூடக் கூடச் சாவதும் கூடும். தேவையானதை மட்டும் ஒரு மூடியிட்ட கிண்ணத்தில் போட்டு, ஒரு ஈ நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுக் கூண்டுக்குள் மாட்டுங்கள். ஒவ்வொன்றாக வெளியே வரும். இரண்டே நாளில் பச்சோந்தி அந்த ஓட்டைக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொள்ளும். அல்லது ஈக்களுக்கு ஒரு நாள் தேனும் மகரந்தத் தூளும் கொடுத்துவிட்டு, சில நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து, மயங்கிக் கிடக்கும்போது கால்சியம் பொடியில் உருட்டி விடுங்கள். ஈ தன் உடம்பைத் தானே துடைத்துக்கொள்ளும், அதனால் பசியான நேரத்தில் விடுவது நல்லது. புற ஊதாக் கதிர் தரும் யுவிபி விளக்கு இல்லாவிட்டால் இந்தப் பொடியெல்லாம் பாதி வீண்.

புழுவாகவே கொடுத்தாக வேண்டும் என்றால் கருப்பு சிப்பாய் ஈயின் புழு ஒன்றுதான் தகுந்தது. அதில் கால்சியம் இயற்கையிலேயே அதிகம். ஒரே புழுவை அரை டஜன் பெயர்களில் விற்கிறார்கள், பெயருக்குத் தனிக் காசு கொடுக்காதீர்கள். வெளிறிய நிறத்தில் இருக்கும்போது கொடுங்கள். கறுத்தபின் தோல் கெட்டியாகிவிடும். அப்போது ஈயாக விட்டுவிடுங்கள், அந்த ஈ கடிக்காது, சாப்பாட்டில் மொய்க்காது. 'வீட்டுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யும் கிட்' என்று யாராவது விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள். இந்த ஈ ஜோடி சேர நல்ல வெளிச்சம் வேண்டும். அறை மூலையில் வைத்த பெட்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் ஈயே கூடாது. உடம்பில் திறந்த புண் இருந்தால். விளக்குச் சூட்டில் முதுகு வெந்த இடம், வாய்ப்புண், நகம் பிய்ந்த விரல், கழிவுத்துளை வழியே சதை வெளியே தள்ளியது, அறுவை சிகிச்சைத் தையல், எதுவானாலும் சரி. ஈ புண்ணைத் தேடிப் போய் முட்டை இடும். ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். இறைச்சியில் மொய்க்கும் பச்சை, நீல ஈக்கள் இதில் இன்னும் மோசம். நீங்கள் வாங்கிய தூண்டில் புழு அனேகமாக அந்த ஜாதி. எழுந்து நகர முடியாமல் சோர்ந்து கிடக்கும் பச்சோந்திக்கும் இதே விதி, புண் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். கூண்டில் ஏற்கெனவே சுற்றும் ஈயையும் பிடித்து வெளியேற்றுங்கள். தினமும் அக்குள், தொடையிடுக்கு, தலைக்கொண்டையின் அடி, கழிவுத்துளை எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். புண்ணில் வெள்ளைத் துகள் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது முட்டை, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நாய் பூனை பார்க்கும் மருத்துவர் பலர் பச்சோந்தியைக் கண்டால் கையை விரித்துவிடுவார்கள். அதனால் ஊர்வன பார்க்கத் தெரிந்தவர் யார் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். புண் தோல் மூடி ஆறும் வரை சுவர்க்கோழியும் சிப்பாய் ஈயின் புழுவும்தான், அதுவும் ஏறித் தப்ப முடியாத வழவழப்பான கிண்ணத்தில்.

ஈ மட்டுமே போதுமா என்றால், போதாது. அலுத்துவிட்டது என்று சுவர்க்கோழியை நிறுத்திவிடாதீர்கள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். கையில் மிச்சம் இருக்கும் தூண்டில் புழு டப்பாவை அப்படியே ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். உயிரோடு கொட்டினால் அடுத்த வாரம் வீடு முழுக்க நீல ஈ.